வாசகர் கேள்வி – பதில்: லினக்ஸ் லெப்டொப்புக்குப் போனில் இருந்து இன்டர்நெட்

இம்முறை மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் ஏறத்தாழ ஒரே விடயத்தைத்தான் சுற்றுகின்றன. வீட்டில் ரவுட்டர் இல்லை, கையில் இருப்பது போன், லெப்டொப்பில் இருப்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் (மின்ட், உபுண்டு இரண்டும் அதன் வகைகள்). ஆகவே இவ்விதழில் வேறு எதையும் சேர்க்காமல் இதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். டேர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தில் தட்டும் பெட்டியில், தட்டவேண்டியவற்றை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தந்திருக்கிறோம். எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடையில் உள்ள கோடுகளை விட்டுவிட்டுத் தட்டுங்கள்.

பாவித்த லெப்டொப் ஒன்றை வாங்கி லினக்ஸ் மின்ட் போட்டேன். வைஃபை அடையாளமே வரவில்லை. டிரைவர் போட இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும் என்கிறார்கள். விடுதியில் லேன் வயரும் இல்லை. என்ன வழி?
– பல்கலைக்கழக மாணவி, வந்தாறுமூலை

ஒரு அன்ட்ரொய்ட் போனும் நல்ல கேபிளும் இருந்தால் இந்தச் சிக்கல் அரை மணித்தியாலத்தில் தீரும். போனைக் கேபிளால் கொழுவி யுஎஸ்பி டெதரிங் (போனின் இன்டர்நெட்டைக் கேபிள் வழியாகப் பகிரும் தெரிவு) போட்டதும் லெப்டொப்புக்கு அது ஒரு லேன் கார்டாகவே தெரியும். அதற்கு வேண்டிய டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள்ளேயே பல வருடங்களாக இருக்கிறது. எதையும் இறக்கத் தேவையில்லை. வைஃபை கார்ட் செத்துப்போன லெப்டொப்பிலும் இது வேலை செய்யும். லினக்ஸை நிறுவுவதற்கு முன், பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கும்போதும் வேலை செய்யும்.

ஒழுங்கு முக்கியம். முதலில் போனில் மொபைல் டேட்டாவைப் போட்டு, போனிலேயே ஏதாவது ஒரு பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது கேபிள். அதற்குப் பிறகுதான் டெதரிங், ஏனென்றால் கேபிள் கொழுவாதவரை அந்தத் தெரிவு மங்கிப்போய், அழுத்த முடியாமல் இருக்கும். சம்சுங் போனில் செட்டிங்ஸ், கனெக்ஷன்ஸ், மொபைல் ஹொட்ஸ்பொட் அன்ட் டெதரிங் என்று போகவேண்டும். மற்றப் பல போன்களில் நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட் என்பதற்குள் ஹொட்ஸ்பொட் அன்ட் டெதரிங் இருக்கும். எங்கே என்று தெரியாவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் டெதரிங் என்று தட்டுங்கள், வந்துவிடும். யுஎஸ்பி டெதரிங்கைப் போட்ட சில செக்கனில் மின்ட் திரையின் மூலையில் கம்பி இணைப்பின் அடையாளம் வரும். பாஸ்வேர்ட் எதுவும் கேட்காது.

இன்டர்நெட் வந்ததும் மெனுவில் டிரைவர் மனேஜரைத் திறங்கள். உங்கள் லெப்டொப்பில் புரோட்கொம் வைஃபை சிப் இருந்தால் அதற்கான டிரைவரை அதுவே காட்டும். தெரிவு செய்து நிறுவி, ரீஸ்டார்ட் பண்ணுங்கள். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பயோஸில் (லெப்டொப்பைப் போட்டதும் முதலில் ஓடும் அமைப்பு) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு போட்டிருந்தால், நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டை உருவாக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத்திரை ஒன்று வரும். அதில் என்ரோல் மொக், கன்டினியூ, யெஸ் என்று அழுத்தி அதே பாஸ்வேர்டைக் கொடுக்கவேண்டும். அந்தத் திரை கொஞ்ச நேரம்தான் நிற்கும். தவறவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டும் ஓடாது, வைஃபை வராது, பிழை எங்கே என்றும் புரியாது. செக்யூர் பூட்டை பயோஸில் நிறுத்திவிட்டாலும் சரிவரும்.

டிரைவர் மனேஜர் எதையும் காட்டாவிட்டால், ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல் என்று டேர்மினலில் தட்டிப் பாருங்கள். ஹார்ட் என்ற நிரலில் புளொக்ட் என்று இருந்தால் லெப்டொப்பின் பக்கத்தில் உள்ள வைஃபை சுவிட்ச் அல்லது விசைப்பலகையின் விமான அடையாள விசைதான் காரணம். டிரைவரில் குறை இல்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அன்ட்ரொய்ட் போன் வைஃபையில் இருக்கும்போது யுஎஸ்பி டெதரிங் போட்டால், போனுக்கு வரும் வைஃபையே கேபிள் வழியாக லெப்டொப்புக்குப் போகும். பல்கலைக்கழக வைஃபை போனில் எடுபடும் இடத்தில் உட்கார்ந்து இதைச் செய்தால் உங்கள் டேட்டா ஒரு எம்பியும் குறையாது. டிரைவரோடு முழு அப்டேட்டையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேபிளைக் கொழுவினால் போன் சார்ஜ் ஏறுகிறது, அவ்வளவுதான். யுஎஸ்பி டெதரிங் மங்கலாகவே இருக்கிறது. போனில் பிழையா, லினக்ஸில் பிழையா?
– ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. கேபிள்தான். யுஎஸ்பி 2 கேபிளுக்குள் நான்கு வயர்கள் இருக்கவேண்டும்: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. பவர் பாங்க், டோர்ச், சின்ன ஸ்பீக்கர் போன்றவற்றோடு வரும் மலிவுக் கேபிள்கள் பலவற்றில் பச்சையும் வெள்ளையும் வைப்பதே இல்லை. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கடையில் வாங்கும்போது டேட்டா கேபிள் என்று கேட்டு, அங்கேயே ஒரு கொம்பியூட்டரில் கொழுவிப் படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் சோதிக்க வழி இது. போனைக் கொழுவாமல் எல்-எஸ்-யு-எஸ்-பி என்று தட்டி, வரும் வரிகளை எண்ணுங்கள். போனைக் கொழுவி மறுபடி தட்டுங்கள். போன் கம்பனியின் பெயரோடு ஒரு வரி கூடியிருந்தால் கேபிளில் டேட்டா போகிறது. கூடாவிட்டால் கேபிளை மாற்றுங்கள். வேறு எதையும் தொட்டு நேரத்தை வீணாக்கவேண்டாம்.

கேபிள் நல்லது, வரியும் கூடுகிறது, ஆனாலும் டெதரிங் வரவில்லை என்றால் போனின் பூட்டைத் திறந்து, மேலிருந்து இழுக்கும் அறிவிப்புகளில் யுஎஸ்பி பற்றியதை அழுத்துங்கள். சார்ஜிங் மட்டும் என்று தெரிவாகியிருக்கும். அதை யுஎஸ்பி டெதரிங் என்று அங்கேயே மாற்றலாம். லெப்டொப்பின் ஒரு பக்க ஓட்டையில் கொழுவியிருந்தால் மறுபக்கத்தில் கொழுவிப் பாருங்கள். இடையில் பல ஓட்டைகள் தரும் ஹப் இருந்தால் அகற்றிவிடுங்கள்.

இணைப்பு வந்து வந்து அறுந்தால் போனின் சார்ஜ் ஓட்டைக்குள் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சும், நம் கரையோரத்தில் மணலும் சேர்ந்து அடியில் இறுகிப்போய், கேபிளின் முனை முழுதாக உள்ளே போகவிடாமல் நிறுத்தியிருக்கும். சார்ஜ் ஏறும், டேட்டா தொடுப்பு மட்டும் ஆடும். போனை முழுதாக நிறுத்திவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். டைப் சி ஓட்டையின் நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு ஒருமுறை வளைந்தால் போனின் ஓட்டை பழுதுதான்.

நீங்கள் தினமும் பாவிப்பவர் என்றால் ஒவ்வொரு நாளும் செட்டிங்ஸுக்குள் போய் டெதரிங் போடுவது அலுப்பு. எபவுட் போன் என்பதற்குள் பில்ட் நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதில் டிஃபோல்ட் யுஎஸ்பி கொன்ஃபிகரேஷன் என்பதை யுஎஸ்பி டெதரிங் ஆக்குங்கள். பிறகு பூட்டுத் திறந்திருக்கும் போனைக் கொழுவியதுமே இணைப்பு வரும். அந்த மெனுவில் வேறு எதையும் மாற்றாதீர்கள்.

போட்டோக்கொப்பி, ஒன்லைன் விண்ணப்பம் செய்யும் கடை வைத்திருக்கிறேன். உபுண்டு போட்ட லெப்டொப்பைப் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தேன். காலையில் போட்ட 2 ஜிபி பகலுக்குள் முடிந்தது. நான் திறந்தது நாலைந்து பக்கங்கள். டேட்டா எங்கே போகிறது?
– கடை உரிமையாளர், காத்தான்குடி

உங்கள் கேள்வியில்தான் பணம் இருக்கிறது, எனவே விரிவாகவே பதில் தருகிறோம். போன் தன் டேட்டாவைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது பெரிய அப்டேட்களை அது தள்ளிவைக்கும். லெப்டொப்போ தனக்குக் கிடைத்திருப்பது அளவில்லாத வீட்டு வைஃபை என்றே நினைக்கும். யாராவது அதற்குச் சொல்லவேண்டும்.

சொல்லும் இடம் இது. உபுண்டுவில் செட்டிங்ஸ், வைஃபை என்று போய், உங்கள் போனின் பெயருக்கு அருகில் உள்ள பற்சக்கரத்தை அழுத்துங்கள். டீட்டெய்ல்ஸ் பக்கத்தின் அடியில் மீட்டர்ட் கனெக்ஷன், அதாவது அளவோடு வரும் இணைப்பு, என்று ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டுவிடுங்கள். மின்ட் பாவிப்பவர்கள் நெட்வேர்க் கனெக்ஷன்ஸ் என்ற பெட்டியில் இணைப்பைத் திறந்து, ஜெனரல் பக்கத்தில் மீட்டர்ட் கனெக்ஷனை யெஸ் ஆக்கவேண்டும். அன்ட்ரொய்ட் போனாக இருந்தால் லினக்ஸ் பல வேளைகளில் தானாகவே ஊகித்துக்கொள்ளும், ஏனென்றால் முகவரி கொடுக்கும்போதே போன் அதற்கு ஓர் அடையாளம் அனுப்புகிறது. ஆனால் பணம் உங்களுடையது. ஊகத்தை நம்பி இருக்கவேண்டாம்.

உபுண்டுவில் இது மட்டும் போதாது. ஃபயர்ஃபொக்ஸ் போன்றவை அங்கே ஸ்னாப் என்ற தனி மென்பொருள் வடிவத்தில் வருகின்றன. ஸ்னாப் ஒரு நாளைக்கு 4 தடவை அப்டேட் தேடும், கிடைத்தால் கேட்காமலே இறக்கும். ஒன்று பல பத்து எம்பியில் இருந்து சில நூறு எம்பி வரை போகலாம். டேர்மினலில் இப்படித் தட்டுங்கள்: சுடோ (எஸ்-யு-டி-ஓ, நிர்வாகி அனுமதியோடு ஓட்டச் சொல்வது), இடைவெளி, ஸ்னாப், இடைவெளி, செட், இடைவெளி, சிஸ்டம், இடைவெளி, பிறகு ரிஃப்ரெஷ், புள்ளி, மீட்டர்ட், சமன் அடையாளம், ஹோல்ட் என்பவற்றை இடைவெளி இல்லாமல். மற்றவை எல்லாம் ஆங்கிலச் சொற்களின் வழமையான எழுத்துக்கள். இதற்குப் பிறகு மீட்டர்ட் இணைப்பில் ஸ்னாப் அப்டேட் ஓடாது. மின்டில் ஸ்னாப் ஆரம்பத்தில் இருப்பதில்லை, அங்கே அப்டேட் மனேஜரின் ஓட்டோமேஷன் பக்கத்தில் தானியங்கி அப்டேட்களை நிறுத்தினால் சரி.

அப்டேட்டையே செய்யாமல் விடவும் கூடாது. வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதியும் பாஸ்வேர்டும் வந்துபோகும் கொம்பியூட்டர் அது, பாதுகாப்புக் குறைகளை அடைக்காமல் வைத்திருப்பது பெரும் பிழை. நிறுத்தவேண்டியது தானாக ஓடுவதை மட்டும்தான். உங்கள் பொதியில் இரவு டேட்டா என்று தனியாக இருந்தால், அந்த நேரத்தில் வாரம் ஒருமுறை நீங்களே அப்டேட்டை ஓட்டுங்கள். இரவு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைப் பொதியின் விபரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். யூடியூப், வாட்ஸ்அப் என்று தனிப்பொதி போட்டிருந்தால் லினக்ஸ் அப்டேட் அதற்குள் வராது, பொது டேட்டாவில் இருந்துதான் போகும்.

அப்டேட் அல்லாத இன்னொரு திருடன் வீடியோ. போனின் சின்னத் திரைக்கு 360 அல்லது 480 தரத்தில் வரும் வீடியோ, லெப்டொப்பின் பெரிய திரைக்கு 1080 தரத்தில் வரும். அது ஒரு மணித்தியாலத்துக்கு 1.5 ஜிபிக்கு மேலும் தின்னும். கடையில் பாட்டு ஓடவிட்டிருந்தால் உங்கள் 2 ஜிபி போன வழி அதுவாகவும் இருக்கலாம். முகநூலின் தானாக ஓடும் வீடியோக்களையும் அதன் செட்டிங்ஸில் நிறுத்துங்கள்.

யார் தின்கிறார்கள் என்று கையோடு பிடிக்க என்-இ-டி-எச்-ஓ-ஜி-எஸ் (நெட்ஹொக்ஸ்) என்ற சிறிய மென்பொருளை நிறுவி, சுடோ சேர்த்து ஓட்டுங்கள். எந்தப் புரோகிராம் எவ்வளவு வேகத்தில் இறக்குகிறது என்று ஒவ்வொரு வரியாகக் காட்டும். போன் பக்கத்திலும் ஒரு வேலி போடுங்கள்: டேட்டா யூசேஜ் என்பதற்குள் எச்சரிக்கை அளவும் நிறுத்தும் அளவும் குறிக்கலாம்.

உங்களுக்கு ஹொட்ஸ்பொட்டைவிடக் கேபிளே நல்லது என்றுதான் பொதுவாகச் சொல்வோம். ஆனால் மீட்டர்ட் விடயத்தில் ஒரு சிக்கல் உண்டு. புதிய அன்ட்ரொய்ட் போன்கள் பல, கேபிளில் கொழுவும்போது தம் வன்பொருள் முகவரியை மாற்றிக்கொள்கின்றன. லெப்டொப் அதைப் புது இணைப்பு என்று எண்ணி, வயர்ட் கனெக்ஷன் 2, 3 என்று வேறு பெயரில் தொடங்கும். நீங்கள் முன்பு போட்ட மீட்டர்ட் அடையாளம் பழைய பெயரோடு நின்றுவிடும். ஹொட்ஸ்பொட் அப்படியல்ல, வைஃபை பெயரோடு நிலைக்கும். ஒரே போனை நாள் முழுக்கப் பாவிக்கும் கடைக்கு ஹொட்ஸ்பொட்டும் மீட்டர்ட்டும் சேர்ந்த ஏற்பாடே பொருந்தும்.

தம்பி கட்டாரிலிருந்து ஐபோன் அனுப்பியிருக்கிறார். லினக்ஸில் அதற்குக் கேபிள் இணைப்புச் சரிவராது என்கிறார்கள், உண்மையா?
– வாசகர், நிந்தவூர்

சரிவரும். உபுண்டு, மின்ட் இரண்டிலும் ஐபோனோடு பேசும் யுஎஸ்பிமக்ஸ்டி என்ற மென்பொருள் ஏற்கெனவே இருக்கும். ஐபோனில் பெர்சனல் ஹொட்ஸ்பொட்டுக்குள் போய் அலவ் அதேர்ஸ் டு ஜொயின் என்பதைப் போடுங்கள். பூட்டைத் திறந்தபடியே கேபிளைக் கொழுவுங்கள். இந்தக் கொம்பியூட்டரை நம்பலாமா என்று ஐபோன் கேட்கும். ட்ரஸ்ட் அழுத்திப் போனின் இரகசிய எண்ணைக் கொடுத்தால் லெப்டொப்பில் கம்பி இணைப்பு வரும். லெப்டொப்புக்குக் கிடைக்கும் முகவரி 172.20.10 என்று தொடங்கும். அதைக் கண்டால் ஐபோன் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

ட்ரஸ்ட் கேள்வி வராவிட்டால் கேபிளைக் கழற்றி, பூட்டைத் திறந்து, மறுபடி கொழுவுங்கள். லெப்டொப்பில் முகவரி வந்தும் பக்கம் திறக்காவிட்டால் உங்கள் லினக்ஸ் பழையது. ஐஓஎஸ் 14 வந்தபோது லினக்ஸ் கேர்னலில் இருந்த ஐபோன் டிரைவர் அதோடு ஒத்துப்போகவில்லை, பின்னர் திருத்தினார்கள். ஒருமுறை வைஃபையில் இணைந்து கேர்னலை அப்டேட் செய்யுங்கள்.

அன்ட்ரொய்ட் போல ஐபோன் தனக்கு வரும் வைஃபையைப் பகிராது. பகிர்வது சிம் டேட்டாவை மட்டும்தான்.

படுவான்கரைப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு, வெளியில் மூன்று கோடு. லெப்டொப்பை முற்றத்தில் வைத்துக்கொண்டு படிக்க முடியாது. கேபிளை நீட்டலாமா?
– உயர்தர மாணவன், கொக்கட்டிச்சோலை

நீட்டவேண்டாம். யுஎஸ்பி 2 கேபிளுக்கு 5 மீற்றர்தான் எல்லை. மலிவுக் கேபிள் 3 மீற்றரிலேயே தடுமாறும். உங்களுக்கு ஹொட்ஸ்பொட்தான் சரி. சிக்னல் நல்லாக உள்ள இடத்தில் போன் இருக்கட்டும், நீங்கள் மேசையில் இருங்கள். ஹொட்ஸ்பொட்டின் அலைவரிசையை 2.4 கிகாஹேட்ஸ் ஆக்குங்கள். 5 கிகாஹேட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சோர்ந்துவிடும். உங்கள் இணைப்பே மெல்லியதாக இருக்கையில் அந்த வேகம் பயன்படப்போவதில்லை.

கோடுகளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். எபவுட் போன், ஸ்டேட்டஸ், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரென்த் என்று மறை எண் ஒன்று டிபிஎம் என்ற சிக்னல் அலகில் இருக்கும். 4ஜியில் மறை 80 முதல் 95 வரை நல்லது. 100 தாண்டினால் வேகம் விழும். 115 அளவில் இணைப்பு அறுந்து அறுந்து வரும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி மெதுவாக நடவுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று எண்ணை எழுதுங்கள். ஒரே யன்னலின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 10 வித்தியாசம் வருவதைக் காண்பீர்கள், அந்த 10 என்பது பத்து மடங்கு. தகரக் கூரை அலையைத் திருப்பி அனுப்பும், எனவே கூரைக்கு நேர் கீழே தேடுவதில் பயன் குறைவு. கோபுரம் இருக்கும் திசை நோக்கிய யன்னல் விளிம்போ, விறாந்தைத் தூணின் மேற்பகுதியோதான் பெரும்பாலும் அகப்படும்.

அங்கே போனை வைக்கும்போது நிழல் இருக்கட்டும். மத்தியான வெயில் நேரே பட்டால் போன் சூடேறி முதலில் சார்ஜை நிறுத்தும், பிறகு ஹொட்ஸ்பொட்டையும் நிறுத்தும். சார்ஜரில் கொழுவியே வையுங்கள். ஒருவரும் இணைக்காவிட்டால் சில நிமிடத்தில் தானே அணைந்துவிடும் தெரிவையும் ஹொட்ஸ்பொட் செட்டிங்ஸில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லெப்டொப் தூங்கி எழும்பும்போதெல்லாம் நீங்கள் யன்னலுக்கு ஓடவேண்டும்.

மாரி மழையில் சிக்னல் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். போனுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான அலையை மழை பெரிதாகக் குறைப்பதில்லை. கரண்ட் நின்று கோபுரத்தின் பற்றரி இறங்குவதும், கோபுரங்களுக்கிடையிலான மைக்ரோவேவ் இணைப்பு அடைமழையில் பாதிக்கப்படுவதும்தான் கூடுதலான காரணம். அந்த நேரத்தில் போனை இடம் மாற்றிப் பயனில்லை. வேறு வலையமைப்பின் சிம் ஒன்றை இரண்டாவது ஓட்டையில் போட்டு வைத்திருந்தால் அது உதவும்.

போன் ஹொட்ஸ்பொட் மற்ற எல்லாப் போனிலும் தெரிகிறது, என் லினக்ஸ் லெப்டொப்பில் மட்டும் தெரியவில்லை. நண்பரின் போனில் இணைந்தாலும் பக்கங்கள் திறக்கவில்லை.
– வாசகி, அக்கரைப்பற்று

இவை இரண்டு வேறு சிக்கல்கள். முதலாவது, உங்கள் போன் 5 கிகாஹேட்ஸில் ஒலிபரப்புகிறது, லெப்டொப்பின் கார்ட் 2.4 மட்டும் கேட்கக்கூடியது. போனில் ஹொட்ஸ்பொட்டின் பான்ட் என்பதை 2.4 ஆக்குங்கள். ஐபோன் 12இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் இதே வேலையை மெக்ஸிமைஸ் கொம்பட்டிபிலிட்டி என்ற தெரிவு செய்யும். பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால், பாதுகாப்பு வகையை டபிள்யுபிஏ 3இல் இருந்து 2க்கு இறக்குங்கள். பழைய கார்ட்கள் 3ஐ அறியா. பாதுகாப்பே இல்லாமல் திறந்துவிடுவது மட்டும் வேண்டாம்.

இரண்டாவதற்கு ஒரு சோதனை. டேர்மினலில் பி-ஐ-என்-ஜி, ஓர் இடைவெளி, பிறகு 8.8.8.8 என்று தட்டுங்கள். நேரத்தோடு வரிகள் ஓடினால் இன்டர்நெட் இருக்கிறது, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்தான் வேலை செய்யவில்லை. வைஃபை இணைப்பின் ஐபிவி4 பக்கத்தில் டிஎன்எஸ் என்ற இடத்தில் தானியங்கியை நிறுத்தி 1.1.1.1 என்று கொடுங்கள். வரிகள் ஓடாவிட்டால் போனில் விபிஎன் (இணைப்பை வேறு வழியாகத் திருப்பும் செயலி) ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள். போனில் விபிஎன் போட்டவர்கள் அதை மறந்துவிடுவது சகஜம்.

ஹொட்ஸ்பொட், கேபிள், புளூடூத் மூன்றிலுமே போனில் இன்டர்நெட் உண்டு, லெப்டொப்பில் இல்லை என்றால் காரணம் போனின் ஏபிஎன் அமைப்பில், அதாவது வலையமைப்பின் இன்டர்நெட்டோடு போன் இணையும் வாயிலின் அமைப்பில், இருக்கலாம். மொபைல் நெட்வேர்க் என்பதற்குள் எக்சஸ் பொயின்ட் நேம்ஸைத் திறந்து, ஏபிஎன் டைப் என்ற வரியைப் பாருங்கள். அங்கே டிஃபோல்ட் என்று மட்டும் இருந்தால் அதன் பின் காற்புள்ளி போட்டு டி-யு-என் (டேட்டா என்பதன் முதலெழுத்தான டி) என்று சேர்த்துச் சேமித்து, போனை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். சில போன்கள் பகிரும் டேட்டாவுக்கு இந்த மூன்றெழுத்தைத் தேடுகின்றன. அதன் பிறகும் வராவிட்டால் உங்கள் பொதியில் டெதரிங்குக்கு அனுமதி உண்டா என்று வலையமைப்பிடம் கேளுங்கள்.

கூகுள் திறக்கவில்லை, எல்லாத் தளமும் பாதுகாப்பற்றது என்று சிவப்புத் திரை வருகிறது என்றால் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். பழைய லெப்டொப்பின் உள்ளே காசு வடிவில் இருக்கும் சிஆர் 2032 பற்றரி இறங்கியிருந்தால், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். சான்றிதழ்கள் எல்லாம் பிழையாகத் தெரியும். திகதியைச் சரிசெய்தால் அப்போதே திறக்கும், பற்றரியை மாற்றினால் நிரந்தரமாகத் தீரும்.

புளூடூத்தில் இணைக்கலாமா?
– வாசகர், திருக்கோவில்

இணைக்கலாம். நடைமுறையில் 1 முதல் 2 எம்பிபிஎஸ் வேகம்தான் கிடைக்கும். மின்னஞ்சல், எழுத்து மட்டும் உள்ள பக்கங்கள், வாட்ஸ்அப் எழுத்துக்குப் போதும், சூம் வகுப்புக்குப் போதாது. போனின் பற்றரியை மிகக் குறைவாக எடுப்பது இதன் நல்ல பக்கம். போனில் புளூடூத் டெதரிங்கைப் போட்டு, லெப்டொப்போடு சோடி சேர்த்து, மின்டின் புளூமன் பெட்டியில் போனின் பெயரை வலது சொடுக்கி நெட்வேர்க் எக்சஸ் பொயின்ட் என்பதைத் தெரிவு செய்யுங்கள். சோடி சேர்த்ததோடு நின்றுவிட்டால் இன்டர்நெட் வராது. இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விடுகிறார்கள்.

பழைய ஹுவாவி டொங்கிள் (சிம் போட்டு யுஎஸ்பியில் கொழுவும் மோடம்) ஒன்று இருக்கிறது. லினக்ஸில் கொழுவினால் சிடி டிரைவ் மாதிரித் தெரிகிறது.
– வாசகர், வாழைச்சேனை

விண்டோஸுக்கான மென்பொருளை உள்ளே வைத்திருப்பதால் அது முதலில் அப்படித்தான் காட்டும். யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருள் அதை மோடமாக மாற்றும். சொஃப்ட்வெயார் மனேஜரில் தேடி நிறுவி, டொங்கிளைக் கழற்றிக் கொழுவுங்கள். சில வகைகள் லேன் கார்டாக மாறும், அவற்றின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் 192.168.8.1 என்று தட்டித் திறக்கலாம். மற்றவை மோடமாகவே நிற்கும். அப்போது நெட்வேர்க் பெட்டியில் மொபைல் புரோட்பான்ட் என்று புது இணைப்பு உருவாக்கி, நாடு இலங்கை, பிறகு உங்கள் சிம் கம்பனி என்று தெரிவு செய்யவேண்டும். 3ஜி மட்டும் எடுக்கும் டொங்கிள் என்றால் அதில் நேரம் செலவழிக்கவேண்டாம். உங்கள் 4ஜி போனும் கேபிளும் அதைவிட நன்றாக ஓடும்.

கரண்ட் போனால் லெப்டொப்பில் கேபிளைக் கொழுவி வேலை செய்கிறேன். லெப்டொப் பற்றரி சீக்கிரம் இறங்குகிறது. வீட்டில் மற்றவர்களும் அதே இணைப்பைக் கேட்கிறார்கள்.
– வாசகி, கல்முனை

லெப்டொப்தான் போனைச் சார்ஜ் பண்ணுகிறது, அதுதான் காரணம். சாதாரண யுஎஸ்பி 2 ஓட்டை 5 வோல்ட்டில் 500 மில்லி அம்பியர், அதாவது 2.5 வாட் வரை கொடுக்கும். 40 வாட்மணி பற்றரி உள்ள லெப்டொப் 10 வாட் எடுத்தால் 4 மணித்தியாலம் ஓடும். போன் 2.5 வாட் இழுத்தால் 3 மணி 12 நிமிடம்தான். யுஎஸ்பி 3 ஓட்டையில் 4.5 வாட் வரை போகும், இழப்பு இன்னும் கூடும். கரண்ட் போகும் என்று தெரிந்தால் போனை முன்கூட்டியே முழுதாகச் சார்ஜ் ஏற்றிவையுங்கள். நிறைந்த போன் குறைவாகவே இழுக்கும். திரையின் வெளிச்சத்தைப் பாதியாக்கினாலும் நல்ல மீதி கிடைக்கும். பவர் பாங்க் இருந்தால் போனை அதில் கொழுவி, லெப்டொப்பை ஹொட்ஸ்பொட்டில் இணைப்பது இன்னும் மேல்.

மற்றவர்களுக்குக் கொடுப்பதானால் போனின் ஹொட்ஸ்பொட்டே இலேசு. போனின் ஹொட்ஸ்பொட் மக்கர் பண்ணினால் லெப்டொப் வழியாகவும் கொடுக்கலாம். போனில் இருந்து கேபிளில் எடுத்து, உபுண்டுவின் வைஃபை பக்கத்தில் டேர்ன் ஒன் வைஃபை ஹொட்ஸ்பொட் என்பதை அழுத்துங்கள். மின்டில் நெட்வேர்க் பெட்டியின் வயர்லெஸ் பக்கத்தில் யூஸ் அஸ் ஹொட்ஸ்பொட் என்று இருக்கும். இணைபவர்களின் போன்களுக்கு 10.42.0 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். அந்தப் போன்களிலும் வைஃபை இணைப்பை மீட்டர்ட் என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இலவச வைஃபை கிடைத்ததாக எண்ணி, பிளே ஸ்டோர் அப்டேட்களும் போட்டோ பக்கப்பும் உங்கள் டேட்டாவில் ஓடத் தொடங்கும்.